மாற்றுவதற்கு முன் பழுதுபாருங்கள்



எங்கள் 17 ஆண்டுப் பழைய காரின் இடப்பக்க முன்கண்ணாடி சென்ற மாதம் பாதியில் நின்றுவிட்டது. “மோட்டார் போய்விட்டது, மொத்தமாக மாற்றிவிடலாம்” என்றார் முதலில் பார்த்தவர். நானும் இசையும் நிலையில்தான் இருந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த முதிய எலக்ட்ரீஷியன் அவசரப்படவில்லை. ஃப்யூஸைச் சோதித்தார்; நன்றாயிருந்தது. ஸ்விட்சைச் சோதித்தார், அதிலும் குறையில்லை. கதவின் உட்பலகையைக் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுத்தார். கண்ணாடி உடனே ஏறிற்று. மோட்டார் சாகவில்லை, அதற்கு வரவேண்டியது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பின்பு என்னை ஸ்விட்சை அழுத்தச் சொல்லிவிட்டு, கதவை மெல்ல அசைத்தார். ஒரு கோணத்தில் மட்டும் கண்ணாடி நகர்ந்தது. கீலருகே ரப்பர் உறைக்குள் செல்லும் ஒயரை வெளியே எடுத்தார். மேலுறை முழுமையாயிருந்தது, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. “கதவு திறக்கும்போதெல்லாம் வளைவது இந்த இடந்தான், ஐயா” என்றார். ஒரு சாண் ஒயரில் வேலை முடிந்தது.

அன்று எனக்கு ஒரு சகோதரியின் நினைவு வந்தது. ஓய்வுநாள் பள்ளியில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர் அவர். தாமதமாக வரத் தொடங்கினார், பின்பு வரவேயில்லை. “ஆர்வம் போய்விட்டது, வேறொருவரை நியமிக்கலாம்” என்று கமிட்டியில் பேசப்பட்டபோது நானும் தலையசைத்தேன். அவர் வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. முதலாவது போயிருக்க வேண்டியவன் நானே. பல மாதங்கள் கழித்துப் போனபோதுதான், நோயுற்ற தாயாரின் படுக்கையருகே அவர் இரவெல்லாம் விழித்திருந்ததை அறிந்தேன். எல்லாருக்காகவும் அன்றாடம் வளைந்துகொடுத்தவர், ஒருவரும் காணாத இடத்தில் அறுந்திருந்தார்.

கலாத்தியர் 6:1இல் தவறினவரைச் சீர்ப்படுத்தும்படி பவுல் எழுதும்போது ஆளும் கிரேக்க வினைச்சொல், மத்தேயு 4:21இல் செபெதேயுவின் குமாரர் வலைகளைப் பழுதுபார்த்ததைக் குறிக்கும் அதே சொல்தான். கிழிந்த வலையை மீனவர் எறிந்துவிடுவதில்லை. மடியில் விரித்து, கண்ணி கண்ணியாகத் தேடுகிறார். தவறினவரையே சாந்தமாய்ச் சீர்ப்படுத்த வேண்டுமானால், களைத்துப்போனவரை நாம் எவ்வளவு பொறுமையோடு நடத்த வேண்டும்!

பொறுப்பிலுள்ளோரை ஒருபோதும் மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சில வேளைகளில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒருவரையும் நேரில் சந்தித்துப் பேசாமல் பொறுப்பிலிருந்து நீக்கலாகாது என்பதை நம் சபை ஓர் ஒழுங்காகவே கொள்ளவேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார், இன்னும் திரும்பி வரவில்லை. காலந்தாழ்ந்த சந்திப்பு எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடாது.

இந்த வாரம், ஆலயத்தில் வெறுமையாயிருக்கும் ஓர் இருக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குரியவரின் வீட்டுக்குப் போங்கள். குற்றம் விசாரிக்க அல்ல, நலம் விசாரிக்க. பழுதுபார்க்கிற தேவன் உங்களோடு வருவாராக. ஆமென்.