பிறர் காப்பீட்டை நம்பியா நம் பயணம்?

சாலை விபத்தில் காயமுற்றவரின் குடும்பத்தார் முதலில் கேட்பது, "பிழைத்துக்கொள்வாரா?" என்பதே. சில நாட்களில் மற்றொரு கேள்வி எழுகிறது: "மோதிய வண்டிக்குக் காப்பீடு இருக்கிறதா?"

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டி பொதுச்சாலையில் ஓடக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். காப்பீடு இருந்தால், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை நிறுவனம் செலுத்தும். இல்லையெனில் அப்பொறுப்பு வண்டி உரிமையாளர்மீதும் ஓட்டுநர்மீதும் விழுகிறது. அவரிடம் சொத்து இல்லையென்றால், தீர்ப்பு வெறும் காகிதமாகவே நின்றுவிடும். காப்பீடின்றி ஓட்டி முதன்முறை பிடிபடுவோருக்கு அபராதமோ 2,000 ரூபாய்தான்.

அரசின் உதவி உண்டு. தமிழகத்தின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. 2025இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திட்டம், விபத்து நாளிலிருந்து 7 நாட்களுக்கு 1,50,000 ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கிறது; மோதிய வண்டிக்குக் காப்பீடு இல்லாவிட்டாலும் இது பொருந்தும். ஆனால் இவை உயிர் காப்பதற்கானவை. காலை இழந்தவரின் அடுத்த பத்து ஆண்டு வருமானத்துக்கு இவை ஈடாகா.

ஆகவே, முன்பின் அறியாத ஒருவரின் பொறுப்புணர்வை நம்பி நம் குடும்பத்தைச் சாலைக்கு அனுப்புவது தகாது என்பதே எம் கருத்து. வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. யார்மீது தவறு என்று பாராமல், உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் அது பொருந்தும். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருத்தல் வேண்டும். மருத்துவச் செலவை அது ஏற்காது; அதற்கு மருத்துவக் காப்பீடு தனியே தேவை. பின்னிருக்கையில் அமரும் மனைவியையோ மகனையோ அது சேராது. அவர்களுக்கும் கூடுதல் கட்டணம் செலுத்திக் காப்புப் பெறலாம்.

புதிய இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வருகிறது. அது முடியும் நாளைப் பலரும் நினைவில் வைப்பதில்லை. அந்நாள் கடந்த பின்னும் நாம் வண்டியை எடுத்தால், வேறொரு குடும்பத்துக்கு நாமே அந்தக் காப்பீடில்லா அந்நியர் ஆகிவிடுகிறோம்.

காவலரிடம் காட்டுவதற்கான சீட்டன்று காப்பீடு. நோயாளியின் அருகில் காத்திருக்கும் இந்த நேரத்தில், உங்கள் வண்டியின் காப்பீடு எந்நாளில் முடிகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.