மனநோய் மருந்தும் நரம்புக் கோளாறும்

வானூர்த் தாலுகாவிலிருந்து முண்டியம்பாக்கம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ மனநோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பத்தார், சில காலத்துக்குப் பின் ஒரு விபரீதத்தைக் காண நேரலாம். பிதற்றல் அடங்கியிருக்கும், உறக்கமும் வந்திருக்கும். ஆனால் வாய் வெறுமனே அசைபோடும். நாக்கு வெளியே நீண்டு மீளும். விரல்கள் ஓயாமல் ஆடும். "மருந்து நரம்பைக் கெடுத்துவிட்டது" என்று ஊரார் கூற, மாத்திரை குப்பைக்குப் போகிறது. பழைய நோயும் திரும்புகிறது. இந்த அனர்த்தத்தின் காரணத்தை ஆராய்வது அவசியமாகும்.

ஊரார் கூற்று முற்றிலும் பொய்யன்று. 1952-ல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் மனநோய்க்கு வழங்கப்பெற்றது. ஐந்து வருஷங்களுக்குள்ளேயே இத்தகைய அசைவுகளை வைத்தியர்கள் கண்டு எழுதினார்கள். மூளையில் டோபமைன் என்னும் பொருளின் வேலையை இவ்வகை மருந்துகள் தடுக்கின்றன. நெடுநாள் தடுத்ததன் விளைவாகவே அசைவு தோன்றுகிறதென்பது பலர் கொள்கை. மருந்தை நிறுத்திய பின்பும் சிலருக்கு அது நீங்குவதில்லை. திடீரென நிறுத்தினால் மிகுவதுமுண்டு. புதிய மருந்துகளில் அபாயம் குறைவேயன்றி, இல்லாமற் போய்விடவில்லை.

எனினும், பழி முழுவதையும் மருந்தின்மேல் சுமத்துவதும் நியாயமாகாது. சென்னையில் டாக்டர் ஆர். தாரா முதலியோர் 308 பேரைப் பரிசோதித்து, 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயற்றவர்களில் 100-க்கு 15 பேருக்கு இவ்வசைவு இருந்தது. மருந்துண்ட சித்தப்பிரமை நோயாளிகளில் 100-க்கு 41 பேருக்கு இருந்தது. ஒருநாளும் மருந்தே உண்ணாத நோயாளிகளிலோ 100-க்கு 38! நோயே இதற்குக் காரணம் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். ஆனால் மருந்துண்ணாதவர் 21 பேரே. அவர்களது சராசரி வயது 65, மருந்துண்டவர்களுடையதோ 57. முதுமையிலும் இக்கோளாறு மிகுமாதலால், மருந்தைக் குற்றமற்றதென்று விடுவிக்க இக்கணக்குப் போதாது.

ஆகவே, முதல் மாத்திரைக்கு முன் நோயாளியின் வாயும் கையும் நடையும் எவ்வாறிருந்தன என்று எழுதி வைக்காவிடில், பின்னர் வரும் நடுக்கம் நோயினாலா, மருந்தினாலா என்று எவர் சொல்ல இயலும்? வைத்தியர் நோயைச் சொல்வார். குடும்பத்தார் மருந்தைச் சொல்வார்கள். நடுவே நோயாளி கெடுவான்.

லித்தியம் என்னும் மருந்தின் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் அவசரமானது. உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். அளவு மீறினால் கை நடுங்கும், நடை தள்ளாடும். சிலருக்கு மூளையில் நிலைத்த சேதமும் நேர்ந்ததுண்டு. திருவக்கரைப் பக்கத்துக் கல் குவாரியில் சித்திரை வெயிலில் உழைப்பவனுக்கு இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுப்பது தகுமா? இரத்தப் பரிசோதனையும் காலந்தோறும் நடைபெற வேண்டும்.

சட்டம் இதற்கு முன்பே வழி செய்திருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையின் பக்கவிளைவுகளை நோயாளிக்குப் புரியும் பாஷையில் அறிவிக்க வேண்டுமென்று விதிக்கிறது. வானூரில் அந்தப் பாஷை தமிழேயன்றி வேறு யாது? மருந்து அட்டையில் அச்சிட்ட சிறு ஆங்கில எழுத்து, கல் உடைக்கும் தொழிலாளியின் மனைவிக்கு என்ன சொல்லும்?

நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழில் ஒரு தாள் வேண்டும். சிகிச்சைக்கு முந்திய நிலை அதில் குறிக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை வாய், கை, நடை சோதிக்கப்பட வேண்டும். "நடுக்கம் கண்டால் தாமே நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் வருக" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி வரும் ஊழியர்கள், இந்தத் தாளையும் ஒரு நிமிஷம் பார்த்துச் செல்வதில் என்ன கஷ்டம்?

சித்தம் தெளிந்தவன் உடல் நடுங்கி வாழ்வதும், நடுக்கத்துக்கு அஞ்சிச் சித்தம் கலங்குவதும் ஏழைக்கு விதியாகிவிடலாகாது. உண்மையைத் தமிழில் சொல்லும் கடமையைச் சர்க்காரும் வைத்தியர்களும் தாமதமின்றி நிறைவேற்றுவார்களாக.