சூரியன் மாறவில்லை, பூமி மட்டும் ஏன் சூடாகிறது?

‘இந்த வருஷம் சூரியன் ரொம்பக் கொளுத்துது’ - ஒவ்வொரு கோடையிலும் கேட்கும் புலம்பல்தான். ஆனால், பழி உண்மையிலேயே சூரியன் மீதா?

1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனிலிருந்து வரும் ஆற்றலை அளந்து வருகின்றன. சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது லேசாக ஏறி இறங்குகிறதே தவிர, தொடர்ந்து கூடவில்லை. பூமியின் சராசரி வெப்பநிலையோ ஏறிக்கொண்டே போகிறது.

அப்போ என்னதான் நடக்கிறது?

வரும் வெப்பம் கூடவில்லை, வெளியேறுவதுதான் தடைபடுகிறது. வெயிலில் சூடாகும் நிலமும் கடலும் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகின்றன. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் அதை உறிஞ்சி, ஒரு பகுதியை மீண்டும் கீழே அனுப்புகின்றன. இதுதான் பசுமை இல்ல விளைவு.

இது கெட்டது அல்ல. இது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குப் பதில் மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். அளவு மீறுவதுதான் பிரச்சினை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பதே முக்கியக் காரணம்.

ஆதாரம் என்ன?

சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். ஆனால் தரையை ஒட்டிய அடுக்கு சூடாக, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்ந்து வருகிறது. ஓசோன் குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், வெப்பம் கீழேயே தேங்குகிறது என்பதற்கு இது முக்கியத் தடயம்.

இன்னொரு தடயம், இரவு. சூரியன் இல்லாத நேரத்திலும் இந்த வாயுக்களுக்கு ஓய்வில்லை. 1950-களுக்குப் பிறகு உலக நிலப்பரப்பில் இரவு வெப்பநிலை, பகலைவிட வேகமாக உயர்ந்திருக்கிறது. நகரங்களில் கான்கிரீட் தேக்கிவைக்கும் சூடும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பகலெல்லாம் வெயிலில் உழைத்த உடல் தணிய வேண்டிய நேரம் அது. அப்போதும் தணியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்திய வானிலை ஆய்வு மையம் ‘வெப்ப இரவு’ என்று தனியாக எச்சரிப்பது சும்மா இல்லை.

ஏன் அவசரம்?

மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அப்படி இல்லை. அதில் கணிசமான பகுதி நூற்றாண்டுகளுக்குக் காற்றிலேயே தங்கும். தாமதிக்கும் ஒவ்வொரு ஆண்டும் சுமை ஏறும்.

காரணம் சூரியனாக இருந்திருந்தால் மனிதர்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. எரிக்கும் எரிபொருள்தான் காரணம் என்பதால், அதைக் குறைக்கவும் முடியும்.