காப்பிக் கொட்டை வறுக்கக் கற்போம்

"பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி இருபது" என்று தூள் கடையில் நின்று மந்திரம்போல் சொல்லப் பழகியிருக்கிறோம். அந்த மந்திரத்தின் பொருள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுப்பில் பச்சைக் கொட்டையை இட்டு வறுத்து, கை இயந்திரத்தில் அரைத்து, அன்றன்றைக்குக் காப்பி போட்ட வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளமாக இருந்தன. அந்த வேலை மெல்ல மெல்லக் கடைக்குப் போயிற்று. வேலையோடு அதைப் பற்றிய அறிவும் போயிற்று.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்துக் குடும்பங்களில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. 1960-களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டறைகள் இருந்த சில இடங்களில் இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பட்டறை வேலையை விட்டு வந்தவர்களும், வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க விரும்பும் தாய்மார்களும், "காப்பித் தூள் வறுத்து அரைத்து விற்றால் என்ன? கடன் வாங்கி ஓர் இயந்திரம் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள். விற்கலாம், அதில் தடையில்லை. ஆனால் கடனுக்கு முன்னால் ஒரு வாணலியும் ஒரு கிலோ பச்சைக் கொட்டையும் வாங்குங்கள் என்பதே நாம் கூறும் மறுமொழி. இயந்திரம் சூட்டைக் கொடுக்கும். எப்போது நிறுத்துவது என்பதை வறுப்பவர்தான் அறிய வேண்டும். அதை அறியாதவர் இரண்டு இலட்சம் ரூபாய் இயந்திரத்திலும் கருக்கியே எடுப்பார்.

முதலில் கொட்டையைப் பற்றிச் சிறிது. காப்பிப் பழம் ஒன்றினுள் வழக்கமாக இரண்டு விதைகள் முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும். ஆகவே ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒரே விதை தனித்து உருண்டு திரண்டு வளர்ந்துவிடும். அதுதான் பீபெரி. பழத்தோலை நீக்கி, நீரில் கழுவி உலர்த்திய அராபிக்காவுக்குக் கடை வழக்கில் 'பிளான்டேஷன்' என்று பெயர். பழத்தோடே வெயிலில் காயவைத்து எடுப்பது 'செர்ரி'. ரோபஸ்டா வேறு இனம். கசப்பும் திண்மையும் மிகுந்தது, விலை பொதுவாகக் குறைந்தது. புதிதாகக் கற்பவருக்குப் பீபெரி நல்ல துணை. உருண்டையாதலால் சட்டியில் தானே உருளும். எல்லாப் பக்கமும் ஒருபோல் வேகும். தட்டைக் கொட்டை ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டு முதுகைக் கருக்கிக்கொள்ளும்.

இனி அடுப்புக்கு வருவோம். கனத்த இரும்பு வாணலி வேண்டும்; மசாலா வாசனை ஏறிய சட்டி ஆகாது. பூச்சுப் பூசிய ஒட்டாச் சட்டி அறவே வேண்டாம். இந்தச் சூட்டை அந்தப் பூச்சு தாங்காது. கால் கிலோவுக்கு மேல் இடாதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், ஏனெனில் புகை வரும். நடுத்தரத் தீயில் மரக்கரண்டியால் ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கால் மணி நேரம் முன்பின்னாக ஆகும். அதுவரை தொலைபேசி மணி அடித்தாலும் அடுப்பைவிட்டு நகரக் கூடாது.

பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு ஈரம் உண்டு. அது வெளியேறும்போது நனைந்த வைக்கோல் நாற்றம் வரும். புதியவர்கள் இங்கேயே மனம் தளர்ந்து, கொட்டை கெட்டுப்போனது என்று எண்ணிவிடுகிறார்கள். பொறுங்கள். பச்சை நிறம் மங்கி வெளிர்மஞ்சளாகும். பிறகு சுட்ட ரொட்டியின் மணம் எழும். கொட்டையிலுள்ள சர்க்கரையும் புரதக்கூறுகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும் கட்டம் இது. வெள்ளித் தாள்போன்ற மெல்லிய தோல் உரிந்து பறக்கத் தொடங்கும்.

அதன்பின் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கொட்டையின் சூடு ஏறத்தாழ 196 டிகிரி செல்சியசை எட்டும்போது, உள்ளே அடைபட்ட நீராவி தாங்கமாட்டாமல் கொட்டையைப் பிளக்கும். சோளம் பொரிவது போன்ற தெளிவான ஓசை. இதுவே முதல் வெடிப்பு. இதற்குமுன் இறக்கினால் கொட்டை உள்ளே வேகாமல் புல் வாடையும் துவர்ப்பும் நிற்கும். முதல் வெடிப்பு அடங்கியதும் சிறிது நேரம் அமைதி. பிறகு ஏறத்தாழ 225 டிகிரியில் இரண்டாம் வெடிப்பு. இது மெல்லிய ஓசை, உலர்ந்த சருகைக் கையில் நொறுக்குவது போன்றது. கொட்டையின் மேனியில் எண்ணெய் மினுமினுக்கும். இதையும் தாண்டினால் புகை நீலமாகும். பிறகு மிஞ்சுவது கரியின் கசப்பே. இரண்டு வெடிப்புகளுக்கும் இடையேயுள்ள அந்தச் சில நிமிடங்களில்தான் இந்தத் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது. பால் சேர்த்துக் குடிக்கும் நம் பில்டர் காப்பிக்கு இரண்டாம் வெடிப்பு தொடங்கும் தறுவாயில் நிறுத்துவது ஏற்றது என்பது நம் கருத்து. பாலில்லாமல் குடிக்கும் வெளிநாட்டார் பலர் அதற்கு வெகு முன்னரே இறக்கிவிடுகிறார்கள். அவர்கள் விரும்பும் புளிப்பு நம் நாக்குக்குப் பிடிப்பதில்லை.

கடைசல் இயந்திரத்தில் நின்று பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உளி சரியாக வெட்டுகிறதா, மழுங்கிவிட்டதா என்று அவர்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் அறிவார்கள். தொழிற்பேட்டையில் பெற்ற அந்தக் காது வறுவலிலும் கைகொடுக்கும். அடுப்படியில் கடுகு வெடிப்பதைக் கேட்டே தாளிப்பின் பதம் அறியும் நம் தாய்மார்களுக்கோ நாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அடுப்பை அணைத்தால் வேலை முடிந்தது என்று கருதுவது பெரும்பிழை. கொட்டை தன் சூட்டிலேயே மேலும் வெந்துகொண்டிருக்கும். உடனே அகன்ற முறத்திலோ சல்லடையிலோ கொட்டி, மின்விசிறியின்கீழ்ப் புடைத்து ஆற்ற வேண்டும். தோலும் அப்போதே பறந்துவிடும். எனவே நீங்கள் விரும்பும் நிறம் வருவதற்குச் சற்று முன்னரே இறக்குவது அறிவுடைமை. வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளிவந்துகொண்டிருக்குமாதலால், ஒரு நாள் கழித்து அரைத்தால் டிகாஷன் சீராக இறங்கும். வெவ்வேறு இனக் கொட்டைகளைத் தனித்தனியே வறுத்துப் பின்னர்க் கலப்பதே முறை. அராபிக்காவும் ரோபஸ்டாவும் ஒரே நேரத்தில் பதமாவதில்லை.

இங்கே கணக்கு ஒன்று உண்டு. இதில்தான் சிறு வியாபாரிகள் பலர் சறுக்குகிறார்கள். வறுக்கும்போது எடை நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை குறைகிறது. பேச்சுக்கு, பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று கொள்வோம். பதினாறு பங்கு குறைந்தால் உங்கள் கையில் நிற்பது 840 கிராம். ஆக, வறுத்த கொட்டையின் அடக்கவிலை கிலோ 595 ரூபாய். எரிவாயு, அரைவை, உறை, உழைப்பு எல்லாம் அதற்கு மேல். 550 ரூபாய்க்கு விற்றுவிட்டு இலாபம் என்று மகிழ்ந்தவர் மாதக் கடைசியில் திகைப்பார். ஆகவே வறுக்குமுன்னும் வறுத்தபின்னும் நிறுத்து, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். முதல் வெடிப்பு எத்தனையாவது நிமிடத்தில் கேட்டது, எப்போது இறக்கினீர்கள் என்பதும் அந்த நோட்டில் இருக்கட்டும். சில மாதங்களில் அதுவே உங்கள் ஆசிரியராகிவிடும்.

சிக்கரியைப் பற்றியும் ஒரு சொல். அது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் பயிராகிறது. நிறமும் திண்மையும் தரும், காபீன் கிடையாது, விலை மலிவு. அதைக் கலப்பது குற்றமன்று. கலந்ததை மறைப்பதே குற்றம். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது என்பதும், கலப்பின் அளவை உறையில் அச்சிட வேண்டும் என்பதும் உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் தூளைத் தூவிப் பாருங்கள்: காப்பி மிதக்கும், சிக்கரி சில நொடிகளில் நிறக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். வாங்குகிறவர் இதை வீட்டில் செய்து பார்ப்பார் என்ற நினைவு விற்கிறவருக்கு இருப்பது நல்லது.

கொட்டை எங்கே கிடைக்கும்? 1942-இல் சட்டத்தின்மூலம் ஏற்பட்ட காப்பி போர்டு, தோட்டக்காரர்களின் விளைச்சலைப் பல்லாண்டுகள் தானே திரட்டி ஏலத்தில் விற்று வந்தது. 1990-களில் அக்கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முற்றிலும் நீங்கியது. இன்று சிறு வறுவல்காரரும் தோட்டத்தாரிடம் நேரே வாங்கலாம். கர்நாடகம், கேரளம் இரண்டுக்கும் அடுத்தபடியாகக் காப்பி விளைவது நம் மாநிலத்தில்தான். அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து மேற்கே போகும் அதே இரயில் பாதையில் போனால் சேலம். அதற்கு மேலே ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பழனி மலைச்சாரலிலும் நீலகிரியிலும் வால்பாறையிலும் தோட்டங்கள் உள்ளன. ஒருமுறை நேரில் போய், பழம் பறிக்கும் பருவத்தில் உலர்களத்தைப் பார்த்து வாருங்கள். உடைந்த கொட்டை, வண்டு துளைத்த கொட்டை, கறுத்த கொட்டை இவற்றைப் பொறுக்கி நீக்கும் பெண்களின் விரல் வேகத்தைக் கண்டபின், பச்சைக் கொட்டையை அலட்சியமாக வாணலியில் கொட்ட உங்களுக்கு மனம் வராது.

முறையாகக் கற்க விரும்புவோருக்குப் பெங்களூரிலுள்ள காப்பி போர்டு 'காப்பி சாஸ்திரா' என்ற பெயரில் வறுத்தலிலும் காப்பி தயாரிப்பிலும் குறுகிய காலப் பயிற்சி நடத்திவருகிறது. நாளும் கட்டணமும் போர்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போவதற்குமுன் வீட்டில் பத்து முறையாவது வறுத்து, இரண்டொரு முறை கருக்கியும் பார்த்து, அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அதில் இருக்கும்.