குலதெய்வமாய் இருந்த முட்டைகள்

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் பாட்லியா என்றொரு கிராமம். நிலத்தில் கிடைத்த உருண்டைக் கற்களுக்குக் ‘காக்கட் பைரவ்’ என்று பெயர் வைத்து, வயலையும் ஆடுமாடுகளையும் காக்கும் குலதெய்வமாகக் கும்பிட்டு வந்தார்கள் அவ்வூர் மக்கள். அவை டைனோசர் முட்டைகள் என்று ஆய்வாளர்கள் சொன்ன செய்தி 2023 இறுதியில் வந்தபோது சிரித்தவர்கள் உண்டு. சிரிக்க இதில் ஒன்றுமில்லை. அரசு காக்காததை ஊர் காத்திருக்கிறது.

அதே ஆண்டின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வு, தார் மாவட்டத்தில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் பதிவு செய்தது. நீண்ட கழுத்துடைய டைட்டனோசர்கள் இட்டவை. கூடுகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. நடுவே அவ்வளவு பெரிய தாய் கால்வைக்க இடமில்லை. முட்டையிட்டு மண்ணால் மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

குஜராத்தின் தோலி டுங்ரியில் 1984இல் கிடைத்த ஒரு கூட்டின் கதை இன்னும் முக்கியமானது. முதலில் அதில் முட்டையும் குஞ்சின் எலும்பும்தான் தெரிந்தன. கூடவே சுருண்டு கிடந்தது சுமார் மூன்றரை மீட்டர் நீளப் பாம்பு என்பதைப் பிற்பாடுதான் கண்டுகொண்டார்கள். ‘சனாஜே’ என்ற பெயரில் அது உலகுக்கு அறிமுகமானது 2010இல். கல் பத்திரமாக இருந்ததால்தான் கால் நூற்றாண்டு கழித்தும் அதைப் படிக்க முடிந்தது.

இந்தக் கூடுகள் பதிந்த லமேட்டா பாறைகளுக்கு மேலே படர்ந்திருப்பது தக்காண எரிமலைக் குழம்பு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விழுந்த விண்கல்தான் டைனோசர்களை முடித்தது என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. அதற்கு முன்பே பொங்கத் தொடங்கியிருந்த தக்காண எரிமலைகளின் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த வழக்கின் சாட்சிகள் நம் வயல்களிலும் ஓடைக் கரைகளிலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

சாட்சியை இழப்பது நமக்குப் புதிதும் அல்ல. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிரமாண்ட எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து போயின. சரிபார்க்க இன்று எலும்பு இல்லை.

கோயில் சிலையைக் கடத்தினால் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. டைனோசர் முட்டையைப் பெயர்த்தெடுத்தால் பாயத் தேசிய அளவில் தனிச் சட்டம் இல்லை. புவி மரபிடங்களைக் காக்கும் மசோதாவின் வரைவை 2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் கருத்துக் கேட்புக்கு வைத்தது. அதோடு சரி. அந்த வரைவிலும் குறை உண்டு: அதிகாரம் முழுவதும் மத்திய அரசிடமும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடமும் குவிகிறது. நிலத்தை எடுத்துக்கொள்வதற்கு வழி சொன்ன அளவுக்கு, நிலத்துக்காரரைத் துணை சேர்க்க அது வழி சொல்லவில்லை. வயல் பறிபோகும் என்று தெரிந்தால் எந்த விவசாயி முட்டை கிடைத்ததைச் சொல்வார்? இரவோடு இரவாக உடைத்துப் போடத்தான் தோன்றும்.

பாறைகளைக் காக்கச் சொன்னால், சிமென்டும் சாலையும் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். எல்லாக் குன்றையும் வேலி போட்டு அடைக்க யாரும் கோரவில்லை. இத்தகைய பாறைப் பகுதிகளில் சுரங்க உரிமம் தருமுன் தொல்லுயிரியலாளர் ஒருமுறை நடந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கினால் போதும். கண்டெடுத்துச் சொல்பவருக்கு வெகுமதியும், காக்கும் கிராம சபைக்கு நிதியும், மாநிலங்களுக்கு அதிகாரத்தில் பங்கும் சேர்த்து வரைவைத் திருத்தி, மத்திய அரசு இனியும் தாமதிக்காமல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதல் காவலர்களாகப் பாட்லியா மக்களையே நியமிக்கலாம். அனுபவம் அவர்களுக்குத்தான் இருக்கிறது.