சிப்பிக் கடலில் படகுக் கழிவு: மாநிலம் தடுத்தது, மத்திய அரசு பல்டி!

அமெரிக்காவில் சியாட்டில் நகரை ஒட்டி நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் பியூஜெட் சவுண்ட் கடலில், படகுகள் கக்கூஸ் கழிவைக் கொட்ட வாஷிங்டன் மாநில அரசு தடை போட்டது. 2018-ம் ஆண்டு மே 10-ந் தேதி அமுலுக்கு வந்த இந்தத் தடை, கோர்ட்டு வரை போய்விட்டது.

சான்று உண்டு, அனுமதி இல்லை

1972-ம் ஆண்டு வந்த மத்திய சட்டப்படி, கரையில் இருந்து 3 கடல் மைலுக்குள் கழிவை அப்படியே கொட்டக் கூடாது. ஆனால் கடலோரக் காவல் படை சான்று கொடுத்த கருவியில் சுத்தம் செய்து கொட்டலாம். கருவி எப்படி இருக்க வேண்டும் என்று மாநிலம் தனிச் சட்டம் போட முடியாது.

அதே சட்டத்தில் இன்னொரு வாசலும் இருக்கிறது. கழிவை உறிஞ்சி எடுக்கக் கரையில் போதிய வசதி உண்டு என்று மத்திய சுற்றுச்சூழல் ஏஜென்சி ஒப்புக்கொண்டால், மாநிலம் அடியோடு தடை போடலாம். அப்புறம் சான்று பெற்ற கருவி இருந்தாலும் குழாயைப் பூட்டி, தொட்டியில் பிடித்துக் கரையில்தான் இறக்க வேண்டும்.

மாநிலம் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. சிறு படகுக் கருவியில் இருந்து வரும் 100 மில்லி தண்ணீரில் மலக்கிருமி 1,000 வரை இருக்கலாம். சிப்பி எடுக்கும் கடல் தண்ணீரிலோ சராசரி 14-ஐத் தாண்டக் கூடாது. கழிவு கடலில் கரையும், வாஸ்தவம்தான். ஆனால் சிப்பி அதே தண்ணீரை வடிகட்டித்தானே வளர்கிறது?

ஏஜென்சி பல்டி

2016-ல் மாநிலம் மனு போட்டது. 2017-ல் ஏஜென்சி "வசதி போதும்" என்றது. இழுவைப் படகு முதலாளிகளின் சங்கம் வழக்குப் போட்டது. "படகில் தொட்டி கட்ட இடம் வேண்டும், பணம் வேண்டும்" என்பது படகுக்காரர்களின் புலம்பல். வழக்கு நடக்கும்போதே, சரி என்று சொன்ன ஏஜென்சியே "மறுபடி பார்க்கிறோம்" என்று பல்டி அடித்தது. மாநிலம் விடாமல் எதிர்த்து நின்றது.

2020 நவம்பரில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புச் சொன்னார். செலவுக் கணக்கை ஏஜென்சி பார்க்கவில்லை, திரும்பப் பார்க்கட்டும் என்றார். ஆனால் தடையை ரத்து செய்யவில்லை.

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பது படகுக்காரர் கதை. மாநிலமும் பிடிக்கலாம், கடலோரக் காவல் படையும் பிடிக்கலாம். இழுவைப் படகு, மீன்பிடி தொழில் படகுகளுக்குக் கொடுத்த 5 ஆண்டு கெடுவும் 2023 மே மாதத்தோடு முடிந்துபோனது.

செலவை முதலிலேயே எண்ணிப் பார்த்திருந்தால் இந்த வழக்கில் பாதி குறைந்திருக்கும். கோர்ட்டு சுட்டிக் காட்டிய ஓட்டை அதுதான்.