பொன்னாடை வேண்டாம், புத்தகத்தை வாங்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை. மும்பையில் ஏதோ ஒரு தமிழ் மன்றத்தில் நூல் வெளியீட்டு விழா. மேடையில் எட்டு நாற்காலிகள், கீழே எழுபது பேர். நூலாசிரியரின் தோளில் பொன்னாடைக்கு மேல் பொன்னாடை விழுகிறது. அவரைப் புகழாத பேச்சாளர் இல்லை. முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட பிரமுகர் அதை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு. கூட்டம் கலைந்த பின், பிரிக்கப்படாத கட்டுகளை டாக்சியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார் ஆசிரியர். ஒற்றை அறைக் குடித்தனத்தில் கட்டிலுக்கு அடியில் அவற்றுக்கு இடம் பார்க்க வேண்டும். வீட்டு அம்மாள் அப்போது என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

சொந்தக் காசில் புத்தகம் போடுவது அசட்டுத்தனம் என்று சொல்வோர் இந்தக் காட்சியைத்தான் சுட்டிக் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது பாதிதான் சரி. அச்சேற வேண்டிய விஷயங்கள் இங்கே இருக்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் கதை, 1966-ல் சிவசேனை தோன்றிய பின் தென்னிந்தியர் பட்ட பாடு, 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது வீடுகளில் அடுப்பு எரிந்த விதம் - இவற்றைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். சென்னைப் பதிப்பாளருக்கு இதில் அக்கறை பிறக்காவிட்டால் அது அவர் குற்றமல்ல. விற்கிற சரக்கைத்தானே அவர் பார்ப்பார்? இந்தப் பெரியவர்கள் எழுதி வைத்திருக்கும் நோட்டுகள் அச்சாகாவிட்டால், ஒரு நாள் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குத்தான் போகும்.

ஆகவே புத்தகம் போடத்தான் வேண்டும். ஆனால் கிராஜுவிட்டிப் பணத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு பிரதிக்கு அடக்கம் 80 ரூபாய், விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 40 சதவீதக் கழிவு என்றால் 60 ரூபாய் போயிற்று. கைக்கு வருவது 90. ஆயிரம் பிரதி அடித்தால் 80,000 ரூபாய் முடங்கும். போட்ட முதலை எடுக்கவே 889 பிரதி விற்றாக வேண்டும். அதுவும் கடைக்காரர் கணக்கு முடித்துப் பணம் தந்தால்! இதையே 200 பிரதி மட்டும் அடித்தால் அடக்கம் கூடும். 100 ரூபாய் என்றே இருக்கட்டும். முதல் 20,000. தெரிந்தவர்களிடம் நேரில் முழு விலைக்கு 134 பிரதி விற்றால் முதல் திரும்பிவிடும்.

ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த நாளில் ஆயிரம் அடிப்பதில் அர்த்தம் இருந்தது. அடித்து முடித்ததும் எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். மறுபடி வேண்டுமென்றால் முதலிலிருந்து கோக்க வேண்டும். இன்று பக்கங்கள் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கின்றன. டிஜிட்டல் அச்சில் 50 பிரதிகூடப் போடலாம், தீர்ந்தால் மறுபடியும் போடலாம். ஆயிரம் என்ற எண்ணை மட்டும் நம்மவர்கள் இன்னும் விடவில்லை. கௌரவக் குறைவாம்.

பெயர்களைச் சேர்த்த பிறகு அச்சகத்துக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை வெளிக்கொண்டு வந்தபோது, வாங்குவதாக ஒப்புக்கொண்டவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் வேலையை நடத்தினார். அப்படியும் பணக் கவலை அவரை விடவில்லை. பாரதியார் 1920-ல் தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாக அச்சிடத் திட்டமிட்டு, கடன் கேட்டு அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் அவரே மறைந்துவிட்டார். அவரைப் புகழ அன்றும் ஆள் இருந்தார்கள்.

"உங்கள் நூலை நாங்களே வெளியிடுகிறோம்" என்று சொல்லி எழுதியவரிடமே பணம் வாங்கும் கம்பெனிகள் இப்போது பெருகிவிட்டன. எல்லாரும் மோசமென்று சொல்ல முடியாது. ஆனாலும் எத்தனை பிரதி, எந்தத் தாள், எந்தத் தேதி என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. முக்கியமாக, பக்கங்கள் அடங்கிய கம்ப்யூட்டர் பைலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அது கையில் இல்லாதவர் அடுத்த முறை அச்சடிக்க மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று தனியாகக் கட்டணம் கேட்பாரும் உண்டு. மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்த எண்ணை இலவசமாகவே தருகிறது; எழுதியவரே விண்ணப்பிக்கலாம். எழுத்துப் பிழை பார்க்க மட்டும் வேறொருவரை வைத்துக்கொள்வது உத்தமம். தம் பிழை தம் கண்ணில் படாது.

ஆபீசில் ஏதாவது கேட்பார்களோ என்று அஞ்சி, நோட்டைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருக்கும் குமாஸ்தாக்கள் பலர். மத்திய அரசு ஊழியருக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், ரயில்வேக்கான 1966-ஆம் ஆண்டு விதிகளும் இலக்கிய எழுத்தைத் தடுக்கவில்லை. நூலில் உள்ளவை ஆசிரியரின் சொந்தக் கருத்துக்கள், அரசின் கருத்துக்கள் அல்ல என்று தெளிவாகப் போட வேண்டும். ஆபீஸ் ரகசியத்தையும், அரசின் கொள்கை மீதான தாக்குதலையும் தவிர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் விதிப் புத்தகத்தையே புரட்டிப் பார்க்கலாம். கேன்டீன் பேச்சை நம்ப வேண்டாம்.

அச்சானதும் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிட்ட 30 நாட்களுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை டவுன் ஹால் மத்திய நூலகம், டில்லிப் பொது நூலகம் ஆகியவற்றுக்கும் தலா ஒரு பிரதி இலவசமாக அனுப்ப வேண்டும். நான்கு பிரதி நஷ்டம் என்று பார்க்கக் கூடாது. கட்டிலடியில் கரையான் தின்றாலும் அந்த நான்கு இடங்களில் புத்தகம் இருக்கும்.

தபால் விஷயம் சற்று வருத்தமானது. குறைந்த செலவில் போய்க்கொண்டிருந்த பதிவுப் புத்தகத் தபாலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். கூக்குரல் எழுந்த பின், 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்ற புதிய ஏற்பாடு வந்தது. எந்தப் புத்தகம் அதில் போகும் என்று தபால் ஆபீசில் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை தொல்லையையும் ஒரு மனிதர் தாங்கிக்கொள்வார். தாங்க முடியாதது இனாம் பிரதி. "அண்ணாச்சி, நமக்கு ஒரு காப்பி கிடையாதா?" என்று உரிமையோடு கேட்பவர், அண்ணாச்சியின் மகன் டீக்கடை வைத்தால் அங்கே இனாமாக வடை கேட்பாரா? மன்றங்களும் சங்கங்களும் இதில் வழிகாட்ட வேண்டும். ஆண்டு விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, உள்ளூர்த் தமிழர் எழுதிய ஒவ்வொரு நூலிலும் பத்துப் பிரதி விலை கொடுத்து வாங்கட்டும். விழா அழைப்பிதழிலேயே "பொன்னாடை தவிர்க்கவும், நூல் வாங்கவும்" என்று அச்சடிக்கட்டும். பதினைந்து பேர் பொன்னாடை போர்த்தும் மேடையில் பதினைந்து பிரதி விற்றுவிடும். பொன்னாடையை ஆசிரியரால் உடுத்தவும் முடியாது, விற்கவும் முடியாது.

லாபம் என்ன என்று கேட்டால், பணமாக ஒன்றுமில்லை. பேரப் பிள்ளைகள் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். தாத்தா எழுதிய தமிழைப் பலரால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிகிறது. அப்படிப்பட்ட வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மருமகள் சத்தமாக வாசிக்க, எல்லாரும் உட்கார்ந்து கேட்டால் அது சின்ன விஷயமா? வேறு சாலிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் தேடி வந்து, "நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஆலையில் எங்கள் அப்பாவும் இருந்தார், ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கேட் தப்பு" என்று சொல்லி, பழைய போட்டோ ஒன்றை நீட்டினால், அடுத்த 50 பிரதி அடிக்கும்போது கேட்டைத் திருத்தி, அந்தப் போட்டோவையும் சேர்த்துவிடலாம். அதற்குத்தான் பக்கங்களின் பைல் கையில் இருக்க வேண்டும் என்பது.